பழைய அட்வென்ச்சர் கேமில் ஓடுவது யாருடைய மெட்டு? கண்டுபிடிக்க ஒரு வழி

பழைய கேம் ஒன்றை ஆடிக்கொண்டிருக்கிறீர்கள், பின்னால் ஒரு மெட்டு ஓடுகிறது, எங்கேயோ கேட்டதுதான், பெயர் மட்டும் வாயில் வர மறுக்கிறது. போனை எடுத்து, பாட்டைக் கேட்டுப் பெயர் சொல்லும் ஷாஜாம் செயலியைக் கேட்டால் அது கையை விரித்துவிடும். அதைக் குறை சொல்லிப் பயனில்லை. ஷாஜாம் தேடுவது ஒரு குறிப்பிட்ட ஒலிப்பதிவைத்தான், மெட்டை அல்ல. பெர்லினில் ஓர் ஆர்க்கெஸ்ட்ரா வாசித்த பதிவு அதனிடம் இருக்கும், 1984ல் ஒரு கணினியின் ஸ்பீக்கர் "பீப் பீப்" என்று அதே மெட்டைக் கத்தியது இருக்காது. ஆக, மிச்ச வேலையை நம் காதுதான் செய்யவேண்டும். அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஸரிகமபதநி சொல்லத் தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று, தெரியாவிட்டாலும் வேறு வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

முதலில் ஒரு கேள்வி: அது கிளாசிக்கலாக இருக்க வாய்ப்பு இருக்கிறதா? எண்பதுகளில் ஒரு கேமை ஒருவரோ இரண்டு மூன்று பேரோ சேர்ந்து முடித்துவிடுவார்கள், அதில் இசையமைப்பாளர் என்று தனியாக ஓர் ஆள் பல நேரம் இருக்கவே மாட்டார். நிரல் எழுதுகிறவரே பக்கத்தில் கிடந்த பியானோ புத்தகத்தைத் திறந்து, காப்புரிமை முடிந்துபோன ஏதோ ஒரு மெட்டை எண்களாக மாற்றிப் போட்டுவிடுவார். காசும் மிச்சம், வழக்கும் வராது. இந்தக் காப்புரிமைக் கணக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஜப்பானில் நடந்த ஒரு கதை போதும். 1986ல் வந்த தி லெஜண்ட் ஆஃப் செல்டாவின் முகப்புக்கு ராவெல் எழுதிய பொலேரோவைப் போடத்தான் அந்தக் கேமின் இசையமைப்பாளர் கோஜி கொண்டோ நினைத்திருந்தார். ராவெல் இறந்தது 1937ல், ஜப்பானில் அன்றைக்கு இருந்த சட்டப்படி அந்த இசையின் உரிமை இன்னும் முடியவில்லை. கடைசி நேரத்தில் அது தெரியவந்து, அவரே தன் மெட்டை முகப்புக்கு ஏற்றபடி மாற்றி எழுதினார். இன்றைக்கு உலகமே முணுமுணுக்கிற செல்டா இசை அப்படி வந்ததுதான்.

இதிலிருந்து ஒரு எளிய வடிகட்டி கிடைக்கிறது. 1980க்கும் 1990க்கும் நடுவில் வந்த கேம், பெயர்ப் பட்டியலில் இசைக்கென்று யாரும் இல்லை என்றால், மெட்டு பத்தொன்பதாம் நூற்றாண்டையோ அதற்கு முந்தியதையோ சேர்ந்ததாக இருக்க நல்ல வாய்ப்பு. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி இசையைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். அதற்கு மாறாக, 1990க்குப் பிறகு வந்த கேமில் இசையமைப்பாளர் பெயர் தெளிவாக இருந்தால் கொஞ்சம் சந்தேகத்தோடு அணுகுங்கள், பெரும்பாலும் அது அவருடைய சொந்தச் சரக்கு. விதிவிலக்கு உண்டு. லூம் அப்படி ஒன்று, அதற்கு வருகிறேன்.

இயந்திரம் எங்கே பொய் சொல்லும்?

ஒரு மெட்டைக் கேட்கிறபோது நாம் அடையாளம் வைத்துக்கொள்வது பெரும்பாலும் அதன் நாதத்தை. ஓபோ அழுவது, செல்லோ முனகுவது, பின்னால் வயலின்கள் நடுங்குவது. பழைய கணினி இதையெல்லாம் அழித்துவிடும். ஐபிஎம் பீசியின் உள்ளே இருந்த ஸ்பீக்கர் ஒரு நேரத்தில் ஒரே ஒரு சுரம்தான் போடும். பீசி ஜூனியர், டேண்டி கணினிகள் மூன்று குரலும் (அதாவது ஒரே நேரத்தில் மூன்று சுரம்) கொஞ்சம் இரைச்சலும் தரும். கமடோர் 64 என்ற வீட்டுக் கணினியின் சிட் ஒலிச் சிப்புக்கும் மூன்றே குரல். 1987ல் வந்த ஆட்லிப் ஒலி அட்டையில் ஒன்பது, ஆனால் எல்லாம் மணி அடித்த மாதிரியோ தகரத்தைத் தட்டின மாதிரியோ ஒலிக்கும். அதே ஆண்டு ரோலண்ட் எம்டி-32 என்ற ஒலிப்பெட்டி வந்த பிறகுதான் வயலின் வயலினாகவும் புல்லாங்குழல் புல்லாங்குழலாகவும் ஓரளவுக்குக் கேட்டது, அதை வாங்க வசதி இருந்தவர்கள் வீட்டில் மட்டும்.

ஆக, நாதத்தை நம்பாதீர்கள். சுருதியையும் நம்பாதீர்கள், சிப்புக்கு வசதியான இடத்துக்கு மெட்டை ஏற்றி இறக்கியிருப்பார்கள். வேகத்தையும் முழுசாக நம்பமுடியாது. மாறாமல் இருப்பது இரண்டே விஷயம்: சுரங்கள் ஒன்றுக்குப் பின் ஒன்றாக ஏறி இறங்குகிற வரிசை, ஒவ்வொரு சுரமும் எவ்வளவு நேரம் நிற்கிறது என்ற விகிதம். இந்த இரண்டையும் பிடித்தால் ஆளைப் பிடித்துவிடலாம்.

இன்னொரு தந்திரத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். குரல் போதாத சிப்பில் மூன்று சுரத்தைச் சேர்த்து ஒலிக்கவைக்க முடியாது, அதனால் மூன்றையும் மாற்றி மாற்றி மின்னல் வேகத்தில் வாசித்து ஏமாற்றுவார்கள். காதுக்கு அது பழைய தொலைபேசி கிணுகிணுப்பது போலக் கேட்கும். மெட்டை எழுதும்போது இந்தக் கிணுகிணுப்பை ஒரே சுரமாக, அதாவது சேர்ந்தொலிக்கும் ஒரே சுரக்கூட்டமாக (chord) எண்ணிக்கொண்டு தாண்டிப் போய்விடுங்கள், ஒவ்வொன்றாக எழுத உட்கார்ந்தால் குழம்பிப் போவீர்கள்.

இதற்கெல்லாம் மாற்று மருந்து: அதே கேமை வேறு இயந்திரத்தில் கேளுங்கள். பழைய அட்வென்ச்சர் கேம்களை இன்றைய கணினியில் ஓட்டும் ஸ்கம்விஎம் செயலி வைத்திருந்தால் அந்தக் கேமின் ஆப்ஷன்ஸில் ஆடியோ பக்கம் போய் பீசி ஸ்பீக்கர், ஆட்லிப், எம்டி-32 என்று மாற்றிப் பார்க்கலாம் (எம்டி-32க்கு அதன் ரோம் (ROM) கோப்புகள் தனியாக வேண்டும், ஆட்லிப்புக்கு எதுவும் வேண்டாம்). ஸ்பீக்கரில் தெளிவே இல்லாத மெட்டு ஆட்லிப்பில் சட்டென்று முகம் காட்டும். கமடோர் 64 கேம் என்றால் வேலை இன்னும் சுலபம். ஹை வோல்டேஜ் சிட் கலெக்‌ஷன் என்று ஒரு பெரிய சேகரிப்பு இருக்கிறது, அதோடு வரும் ஸ்டில் என்ற குறிப்புக் கோப்பில் எந்த மெட்டு யாருடைய எந்தப் படைப்பிலிருந்து எடுத்தது என்று ரசிகர்கள் பொறுமையாக எழுதி வைத்திருக்கிறார்கள். சிட் கோப்புகளை வாசிக்கும் செயலியில் மூன்று குரலையும் ஒவ்வொன்றாக மூடித் திறக்கலாம், பாஸை மூடிவிட்டால் மெட்டு தனியாக நிற்கும். மெட்டு வேகமாக ஓடுகிறது என்றால் பதிவுசெய்து ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்புச் செயலியில் போட்டு, சுருதி மாறாமல் டெம்போவை மட்டும் குறையுங்கள்.

எழுதுங்கள், பிறகு தேடுங்கள்

ஒரு வரி மெட்டை எழுதிவைக்காமல் தேடப் போகாதீர்கள். நான் சுரமாகத்தான் எழுதுவேன். எந்த சுரத்தில் மெட்டு வந்து இளைப்பாறுகிறதோ அதை ஸ என்று வைத்துக்கொண்டு மற்றதை எழுதுவது. சுரம் வராது என்பவர்களுக்கு ஒரு வழி: அடுத்த சுரம் மேலே போனால் ஏ (ஏற்றம்), கீழே போனால் இ (இறக்கம்), அதே இடத்தில் நின்றால் ச (சமம்). டெனிஸ் பார்சன்ஸ் என்பவர் 1975ல் ஆயிரக்கணக்கான மெட்டுகளை இப்படியே மூன்று எழுத்தில் வரிசைப்படுத்தி ஒரு அகராதியே போட்டார். எந்தச் சுரம் என்று தெரியவேண்டாம், எவ்வளவு தூரம் தாவியது என்று தெரியவேண்டாம், மேலா கீழா என்று தெரிந்தால் போதும். பேத்தோவனின் ஐந்தாம் சிம்பொனி "த த த தாம், த த த தாம்" என்று தொடங்குமே, அது சச இ ஏ சச இ. அவ்வளவுதான். மியூசிப்பீடியா என்ற தளம் இதே முறையில் தேடித் தரும், அதற்கு நம் ஏ, இ, ச வை அவர்களுடைய யூ, டி, ஆர் ஆக மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. கர்நாடக இசை கேட்டுப் பழகிய காதுக்கு உடனே ராகம் தேடத் தோன்றும். "இது நடபைரவி மாதிரி இருக்கே" என்று நண்பரிடம் சொன்னால் அவரும் தலையாட்டுவார், ஆனால் துப்புத் துலக்க அது உதவாது. ஐரோப்பிய மைனர் ஸ்கேலில் எழுதிய ஆயிரம் மெட்டு அந்தச் சுரங்களில்தான் நிற்கும். தவிர, அவர்கள் பாதி வழியில் ஸவையே வேறு இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். முதல் இரண்டு வரிக்கு மட்டும் சுரம் எழுதுங்கள், அதற்கு மேல் போனால் ஆதார சுருதி காலைவாரும்.

அன்னமா, மலைராஜாவா?

இதை ஒரு உதாரணத்தோடு பார்ப்போம், எனக்கு ரொம்பப் பிடித்த சிக்கல் இது.

1983ல் பிரிட்டனில் மாத்யூ ஸ்மித் எழுதி வந்த மேனிக் மைனர், இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கணினிக்கு. கறாராகப் பார்த்தால் அது அட்வென்ச்சர் அல்ல, குதித்துத் தாண்டும் ஆட்டம். ஆனால் பின்னால் வந்த பல அலைந்து திரியும் கேம்களுக்கு அதுதான் வழிகாட்டி என்பதால் சேர்த்துக்கொள்கிறேன். அதன் முகப்பில் ஸ்ட்ராஸின் ப்ளூ டான்யூப், ஆடும்போது கிரீக்கின் "இன் தி ஹால் ஆஃப் தி மவுன்டன் கிங்" (இனி மலைராஜா). ஸ்பெக்ட்ரமில் இருந்தது ஒரு பீப்பர், மெட்டும் உங்கள் கால் சத்தமும் அதில்தான் வரவேண்டும், அதனால் மெட்டு திக்கித் திக்கித்தான் ஓடும்.

1990ல் லூகாஸ்ஃபிலிம் கேம்ஸ் வெளியிட்ட லூம், பிரையன் மோரியார்ட்டி வடிவமைத்தது. அதில் இசை முழுக்க சைக்கோவ்ஸ்கியின் ஸ்வான் லேக் பாலேயிலிருந்து எடுத்தது, கேமுக்கு ஏற்றபடி மாற்றியவர் ஜார்ஜ் சாங்கர். சும்மா இலவசமாகக் கிடைத்தது என்று போட்டதல்ல. அந்தக் கதையில் நெசவாளர் குலம் அன்னமாக மாறிப் பறந்துபோகிறது, அன்னத்தின் கதைக்கு அன்னத்தின் இசை.

இப்போது அந்த பாலேயின் புகழ்பெற்ற அன்ன மெட்டை எழுதுவோம், இரண்டாம் அங்கத்தில் பத்தாம் எண் காட்சியாக ஓபோ வாசிப்பது. ஸவை இடத்தில் வைத்தால் இப்படி வரும்: ப — ஸ ரி க ம ப — க ப — க ப. மலைராஜாவை எழுதுங்கள்: ஸ ரி க ம ப க ப. அட, முதல் நீண்ட பவை விட்டுவிட்டால் இரண்டும் ஒன்றுதானே! சுரம் மட்டுமா? இரண்டும் எழுதப்பட்ட சுருதியும் ஒன்றே, பி மைனர். காலமும் ஏறக்குறைய ஒன்று, கிரீக்கின் இசையோடு பேர் கிண்ட் நாடகம் மேடையேறியது 1876, ஸ்வான் லேக் மாஸ்கோவில் மேடையேறியது 1877. ஆர்க்கெஸ்ட்ராவில் யாரும் இவற்றைக் குழப்பிக்கொள்ளமாட்டார்கள், ஒன்று அழுகிறது, இன்னொன்று பூதம் நடந்து வருகிறது. ஒற்றை பீப்பரில் இந்த அழுகையும் பூதமும் காணாமல் போய் வெறும் ஸரிகமபகப தான் மிஞ்சும்.

எப்படிப் பிரிப்பது? முதலில் தொடக்கம். அன்னம் நீண்ட பவில் ஆரம்பிக்கும், அந்த ஒரு பவின் நேரத்தில் பின்னால் வரும் சின்ன சுரங்கள் நாலும் அடங்கிவிடும். மலைராஜா நேராக ஸவில் கால் வைத்து, ஒரே அளவான குட்டிக் குட்டி அடிகளாகப் போகும், பகப வின் கடைசிப் பவில்தான் கொஞ்சம் நிற்கும். இரண்டாவது, அதற்குப் பிறகு நடப்பது. அன்னம் கப, கப என்று அதே இரண்டு சுரத்தில் ஊசலாடும். மலைராஜா ஒரு படி சறுக்கும்: ம ரி ம, உடனே இன்னொரு ம ரி ம. முதல் தடவை பிரதி மத்யமமும் சதுஸ்ருதி ரிஷபமும், அடுத்த தடவை சுத்த மத்யமமும் சுத்த ரிஷபமும். இரண்டு மத்யமமும் இரண்டு ரிஷபமும் அடுத்தடுத்து வருகிற இந்தச் சறுக்கலைக் கேட்டுவிட்டால் சந்தேகமே வேண்டாம், கிரீக்.

ஏ இ ச முறையில் எழுதினவர்களுக்கும் இதே கதைதான். ஸவிலிருந்து எண்ணினால் இரண்டுக்கும் ஏஏஏஏஇஏ வரை ஒன்றே, ஏழாவதும் இரண்டிலும் இறக்கம், எட்டாவது அடியில்தான் அன்னம் ஏறும், மலைராஜா இன்னும் இறங்கும். ஆகவே ஆறேழு எழுத்தோடு தேடுபெட்டியில் போட்டால் தவறான பெயர் வந்து நிற்கும். குறைந்தது பன்னிரண்டு எழுத்தாவது கொடுங்கள்.

காட்சியும் துப்புதான்

எந்த மெட்டு என்று காது சொல்வதற்கு முன்பே எந்த மாதிரி மெட்டு என்று காட்சி சொல்லிவிடும். அன்றைய நிரலாளர்கள் யாரும் அபூர்வமான இசையைத் தேடி அலையவில்லை, பார்க்கிறவருக்குச் சட்டென்று புரியவேண்டும் என்பதே குறி.

இடிந்த மாளிகை, ஆர்கன், வௌவால் என்றால் பாக்கின் டொக்காட்டா அண்ட் ஃபியூக், டி மைனர். ப ம ப என்று ஒரு உதறல், ஒரு நிறுத்தம், பிறகு மகரிஸநி என்று மளமளவென்று இறங்கி ஸவில் நிற்கும். கல்லறையும் எலும்புக்கூடும் என்றால் க ரி க ஸ என்ற நாலு சுரத்துக்குக் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள், அது தீயஸ் ஈரே, இடைக்காலத் தேவாலயத்தில் இறந்தவர்களுக்காகப் பாடியது. பெர்லியோஸ், சாங் சான்ஸ், ராக்மனினோவ் என்று ஆளாளுக்கு எடுத்தாண்டிருக்கிறார்கள், அதனால் கேமில் கேட்டால் யாரிடமிருந்து வந்தது என்று அடுத்த வரியைப் பார்த்துத்தான் சொல்லமுடியும். விண்வெளியில் எதுவும் மெதுவாகச் சுழன்றால் ப்ளூ டான்யூப்: ஸ ஸ க ப ப, பிறகு மேல் ஸ்தாயியில் ப ப, க க. கியூப்ரிக்கின் 1968 படத்தில் விண்கலம் நிலையத்தோடு இணையும் காட்சிக்கு இதைப் போட்டதிலிருந்து வந்த பழக்கம். கமடோர் 64ல் எலீட் என்ற விண்வெளி கேமை ஆடினவர்கள், கலத்தைத் தானாக நிலையத்தில் சேர்க்கும் டாக்கிங்கைத் தட்டிவிட்டு இதைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்பார்கள்.

கோட்டை, ராஜா, மந்திரக் கண்ணாடி என்றால் பழைய ஆங்கில மெட்டுகளை முதலில் பாருங்கள். 1984ல் சியெராவின் கிங்ஸ் குவெஸ்ட் முகப்பில் வருவது கிரீன்ஸ்லீவ்ஸ்: ஸ க ம ப த ப ம ரி, கீழே நி. இது கிளாசிக்கல் அல்ல, 1580லேயே அச்சுக்குப் பதிவான நாட்டுப் பாடல், ஆனால் கிளாசிக்கல் தொகுப்புகளில் எல்லாம் இடம்பிடித்துவிட்டதால் தேடுகிறவர்கள் கையில் அடிக்கடி மாட்டும். ஊஞ்சலாடும் தாளத்தை வைத்தே பிடித்துவிடலாம்.

திரையிலேயே பியானோ தெரிந்தால் இன்னும் வசதி. 1996ல் வந்த முதல் ரெசிடென்ட் ஈவிலில் ஜில் என்ற பாத்திரம் நோட்டுத் தாளைத் தேடி எடுத்து பியானோவில் உட்கார்ந்து பேத்தோவனின் மூன்லைட் சொனாட்டாவை வாசித்தால்தான் சுவர் திறந்து ரகசிய அறை தெரியும். அதன் முதல் பாகத்துக்கு மெட்டைத் தேட வேண்டாம், அடியில் ஓடுகிற பஸக பஸக பஸக என்ற மூன்று மூன்றான ஓட்டமே முகவரி, மெட்டு என்று மேலே வருவது கொஞ்ச நேரத்துக்கு ஒரே பஞ்சமம்தான். மாத்யூ ஸ்மித்தின் அடுத்த கேமான ஜெட் செட் வில்லியின் முகப்பிலும் இதே மூன்லைட்தான், கேட்டுவிட்டு இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள், நாதத்தை ஏன் நம்பக்கூடாது என்று புரியும்.

கடினமான கேஸ் ஒன்று: தி லாஸ்ட் எக்ஸ்பிரஸ், ஜோர்டான் மெக்னர், 1997. உலகப் போர் தொடங்குவதற்குச் சற்று முன், 1914 ஜூலையில் ஓடும் ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் ரயில். அதில் ஒரு பெட்டியில் கச்சேரி நடக்கிறது, வயலின் வாசிப்பது அன்னா என்ற பாத்திரம், பியானோ வாசிப்பது குரோனோஸ் என்ற பாத்திரம். மற்ற கேம்களைப் போல ரெண்டு வரி வாசித்துவிட்டு முடிக்கமாட்டார்கள், கேமின் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும், நீங்கள் உட்கார்ந்து கேட்கலாம் அல்லது எல்லோரும் இங்கே இருக்கிறார்களே என்று நைஸாக எழுந்துபோய் அவர்களுடைய அறைகளைக் குடையலாம். வாசிப்பது சேசர் பிராங்க்கின் வயலின் சொனாட்டா, ஏ மேஜர், 1886ல் வயலின் மேதை இசாயின் திருமணத்துக்குப் பரிசாக எழுதியது. முகப்பு மெட்டைத் தெரிந்து வைத்திருக்கிற சராசரிக் காதுக்கு இது பிடிபடாது, காரணம் நாம் கேட்டுப் பழகிய "பிரபலமான பத்து" பட்டியலில் பிராங்க் இல்லை. இந்த சொனாட்டாவுக்கு ஒரு நல்ல அங்க அடையாளம் கடைசிப் பாகத்தில் இருக்கிறது. பியானோ ஒரு மெட்டைத் தொடங்கும், ஒரு அளவு (bar, அதாவது ஒரு தாளச் சுற்று) தள்ளி வயலின் அதே மெட்டை அப்படியே பின்தொடரும். இப்படி ஒருவர் வாலை ஒருவர் பிடித்துப் போகிற அமைப்பைக் கேட்டால் "வயலின், பியானோ, கானன்" என்று தேடுங்கள், முதல் பக்கத்திலேயே பிராங்க் வந்துவிடுவார். மெட்டு பிடிபடாதபோது வாத்தியமும் அமைப்பும் கைகொடுக்கும் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

போலிகள்

கிளாசிக்கல் மாதிரி ஒலிப்பதெல்லாம் கிளாசிக்கல் இல்லை. கேப்ரியல் நைட் வரிசையின் இரண்டாவது கேம் தி பீஸ்ட் விதின், 1995. கதையே வாக்னர் எழுதித் தொலைந்துபோன ஓர் ஓபராவைப் பற்றியது, பவேரியாவின் ராஜா இரண்டாம் லுட்விக் வேறு வருகிறார், கடைசியில் அந்த ஓபராவை மேடையில் போட்டே காட்டுவார்கள், ஜெர்மன் வரிகளோடு. வாக்னரின் படைப்புப் பட்டியலை ராத்திரி முழுக்கப் புரட்டினாலும் அது கிடைக்காது. அதை எழுதியவர் அந்தக் கேமின் இசையமைப்பாளர் ராபர்ட் ஹோம்ஸ். அசல் வாக்னர் என்று நம்பித் தேடிக்கொண்டிருப்பவர்களை இன்றும் பார்க்கலாம், அவருக்கு அதைவிடப் பெரிய பாராட்டு என்ன வேண்டும்.

டிராகன் குவெஸ்ட் கேமின் கோட்டை இசையும் அப்படி. கேட்டால் பாக்கின் ஏதோ ஒரு சூட் (suite, நடன இசைத் தொகுப்பு) என்றே தோன்றும், முழுக்க கோய்ச்சி சுகியாமாவின் சொந்தம். ஃபாண்டஸ்மகோரியா கேமின் லத்தீன் கோரஸைக் கேட்டு கார்ல் ஓர்ஃப்பின் கார்மினா புரானா என்று சத்தியம் செய்கிறவர்கள் உண்டு, அது மார்க் சீபர்ட் எழுதியது.

போலியைப் பிடிக்க என் சோதனை இது. சந்தேகப்படும் அசலை எடுத்து, இரண்டையும் ஒன்றாக ஓடவிட்டு, முதல் வரியை விட்டுவிட்டு இரண்டாம் வரியைக் கேளுங்கள். பாணியைக் காப்பியடித்தது என்றால் முதல் வரி ஒரு நூலளவு ஒட்டும், இரண்டாம் வரியில் வேறு ஊருக்குப் போய்விடும். உண்மையிலேயே எடுத்தாண்டது என்றால் இரண்டாம் வரியும் ஒட்டும், நிரலாளர் வெட்டிய இடம் மட்டும் துருத்திக்கொண்டு தெரியும். பெரும்பாலும் எட்டாவது அல்லது பதினாறாவது அளவில் வெட்டி முதலுக்குத் திரும்பியிருப்பார்கள், நினைவகம் அவ்வளவுதான் இடம் கொடுத்தது. ஒப்பிட இசைத்தாள் வேண்டும் என்றால் ஐஎம்எஸ்எல்பி தளத்தில் உரிமை முடிந்த படைப்புகள் ஏறக்குறைய எல்லாமே இலவசம். நோட்டு படிக்கத் தெரியாவிட்டாலும் புள்ளிகள் மேலே போகிறதா கீழே போகிறதா என்று பார்க்கத் தெரியும்தானே, அதை உங்கள் ஏ இ ச வோடு வைத்துப் பாருங்கள்.

வாயால் முணுமுணுத்துத் தேடுவதும் நல்ல வழிதான், கூகுள் செயலியில் 2020லிருந்து இருக்கிறது. அதற்கு இரண்டு நிபந்தனை. "ல ல லா" என்று சுரத்தைத் தனித்தனியாகப் பிரித்துப் பாடுங்கள், கமகம் போடாதீர்கள், அசைத்துப் பாடினால் அது குழம்பும். அப்புறம் கேமின் வேகத்தில் பாடாமல் மெதுவாகப் பாடுங்கள். கிடைக்கும் பதில்களில் முதலாவதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், மூன்று நாலு பெயரையும் கேட்டுப் பாருங்கள், சரியானது சில நேரம் மூன்றாவதாக ஒளிந்துகொண்டிருக்கும்.

கண்டுபிடித்ததைக் குறித்து வைக்கும்போது "ஸ்வான் லேக்" என்று மொட்டையாக எழுதாமல் எந்த அங்கம், எத்தனையாவது எண், கேமில் எந்தக் காட்சி, எந்த இயந்திரப் பதிப்பு என்பதையும் சேர்த்து எழுதுங்கள், ஏனென்றால் ஒரே கேமின் இரண்டு பதிப்பில் இசை வேறாக இருக்கும். லூமே அப்படித்தான். பேச்சுக் குரல் சேர்த்து 1992ல் வந்த சிடி பதிப்பில் பல இடங்களில் இசை குறைந்துவிட்டது. இசைக்காக ஆடுவதென்றால் முதலில் வந்த பதினாறு வண்ணப் பதிப்பையோ, ஜப்பானின் எஃப்எம் டவுன்ஸ் கணினிக்கான பதிப்பையோ தேடிப் பிடியுங்கள்.

காது இன்னும் பழகவில்லை என்று தோன்றினால் பயிற்சிக்கும் லூமையே சொல்வேன். அதில் பொருள்களைப் பொறுக்கிச் சேர்க்கிற வேலை கிடையாது, கையில் ஒரு தக்களிக் கோல் மட்டும், மந்திரம் எல்லாம் நாலு நாலு சுரம். திறக்கும் மந்திரம் க ஸ க ரி. அதையே திருப்பி ரி க ஸ க என்று வாசித்தால் திறந்தது மூடிக்கொள்ளும். தொடங்கும்போது எக்ஸ்பர்ட் நிலையைத் தேர்ந்தெடுங்கள், அதில் கோலின் மேல் எந்தச் சுரம் என்று எழுத்தில் காட்டமாட்டார்கள், கேட்டுத்தான் பிடிக்கவேண்டும். ஆரம்பத்தில் ஸ ரி க மூன்றுதான் வாசிக்க வரும், போகப் போக மேலே உள்ளவை ஒவ்வொன்றாகத் திறக்கும். பல மந்திரங்கள் ஒவ்வொரு புது ஆட்டத்திலும் மாறிவிடும் என்பதால் வேறு யாரோ எழுதிய விடைத்தாள் செல்லாது, பக்கத்தில் ஒரு நோட்டும் பேனாவும் வைத்துக்கொண்டு உட்காருங்கள்.